தெளிந்த கிணறு: ஓசூரிலிருந்து பாரூர் வரை நான்கு நாள்

24 ஜனவரி 2025, வெள்ளி. ஓசூர்

சேலத்தில் பஸ் ஏறும்போது ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. ஓசூரில் இறங்கும்போது அது போதவில்லை. பொங்கல் முடிந்து பத்து நாளாகியும் பனி விடவில்லை. காலை எட்டரைக்கும் எதிரே வரும் வண்டியின் விளக்குதான் தெரிகிறது, வண்டி தெரியவில்லை.

அரசு மேல்நிலைப் பள்ளியில் 27 வருஷம் வேதியியல் நடத்தினேன். வருஷம் தவறாமல் நைட்ரஜன் சுழற்சிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். காற்றிலிருந்து மண்ணுக்கு ஓர் அம்பு, மண்ணிலிருந்து செடிக்கு ஓர் அம்பு, மறுபடி காற்றுக்கு ஓர் அம்பு. ஓய்வு பெற்ற பிறகு அந்த அம்புகளை நிலத்தில் நேராகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் பழைய மாணவன் ஒருவன் பாலக்கோடு பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டே சொட்டுநீர்க் குழாய் போடும் வேலையும் செய்கிறான். "வாங்க டீச்சர், தென்பெண்ணையைப் புடிச்சுக்கிட்டே கீழ போகலாம்" என்று காரோடு வந்து நின்றான்.

கையில் நைட்ரேட் சோதனைப் பட்டை ஒரு டப்பா, நூறு பட்டை. நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீரில் கரைந்திருக்கும் வடிவம்தான் நைட்ரேட். தண்ணீரில் ஒரு விநாடி நனைத்து ஒரு நிமிஷம் காத்திருந்தால் நுனியில் இருக்கும் வெள்ளைக் கட்டம் இளஞ்சிவப்பாகும், அதிகமிருந்தால் கத்தரிப்பூ நிறமாகும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: லிட்டருக்கு 10, 25, 50, 100 மில்லிகிராம் என்று 500 வரை போகும். தோராயம்தான், ஆனால் வயலோரம் நின்று பார்க்க இது போதும்.

விடுதியில் வெந்நீர் வரும் என்றார்கள், குழாயில் வந்தது பச்சைத் தண்ணீர். ஆறரைக்கு அங்கே வேலை செய்யும் பையன் கீழே விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஒரு வாளி நிறைய மாடிக்குத் தூக்கி வந்து வைத்தான். இருபது ரூபாய் நீட்டினேன். "இதுக்கு வாங்க மாட்டேங்கம்மா" என்று போய்விட்டான்.

முதலில் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டங்களுக்குப் போனோம். பிப்ரவரி 14-க்கு ஏற்றுமதியாகும் பூவுக்காக எல்லாப் பசுமைக்குடிலிலும் ஓட்டம். டிசம்பரில் கவாத்து பண்ணிய செடிகள் இப்போது மொட்டுக் கட்டுகின்றன. ஒரு குடிலில் வேலை செய்த பெண் தொட்டியைத் திறந்து காட்டினார். கரைத்த உரம் சொட்டுநீரோடு போகிறது. அளந்து போடுகிறார்கள், வேருக்குப் பக்கத்திலேயே போடுகிறார்கள். குடிலுக்கு வெளியே வடிகால் ஓடையின் ஓரம் மட்டும் புல் இடுப்புயரம் வளர்ந்து கருகருவென்று நின்றது. எந்த இடத்தில் நைட்ரஜன் கசிகிறது என்று கேட்டால் புல்லே காட்டிக் கொடுத்துவிடும்.

மத்தியானம் ஒரு வீட்டு மெஸ்ஸில் ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். 80 ரூபாய். இது அவரைக்காய்க் காலம். ஊறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். சமையல் செய்த அம்மா காலை ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிட்டாராம், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "இன்னொரு உருண்டை வெக்கட்டா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிறகு கெலவரப்பள்ளி அணை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு பெங்களூருவின் கிழக்கோரம் வரும்போது அந்த ஊரின் கழிவையும் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மதகைத் தாண்டிய இடத்தில் நுரை திட்டுத்திட்டாக ஒதுங்கியிருந்தது. நாற்றம் காருக்குள்ளேயே வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நுரை என்பது சோப்பு, சலவைத்தூள் சங்கதி. நைட்ரேட்டுக்கு நுரை கிடையாது, நிறம் கிடையாது, வாசமும் கிடையாது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு சாக்கடை ஓடையில், மை போல் கறுத்த தண்ணீரில் பட்டையை நனைத்தேன். கத்தரிப்பூ நிறம் வரும் என்று நிச்சயமாக நம்பினேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

"பட்டை கெட்டுப்போச்சா டீச்சர்?" என்றான். இன்னொன்றை நனைத்தேன். அதுவும் வெள்ளை.

காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சாக்கடையில் நைட்ரஜன் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது, ஆனால் அம்மோனியமாக, அதாவது ஹைட்ரஜனோடு சேர்ந்த வடிவத்தில் இருக்கிறது. அது நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏது? அப்படியே கொஞ்சம் நைட்ரேட் வந்து விழுந்தாலும் சேற்றிலிருக்கும் பாக்டீரியா அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசித்துவிட்டு மிச்சத்தை வாயுவாக விட்டுவிடும். 27 வருஷம் நடத்திய பாடம், நாற்றத்தின் பக்கத்தில் நிற்கும்போது மறந்துபோனது.

25 ஜனவரி, சனி. ராயக்கோட்டை, பாலக்கோடு

ராயக்கோட்டை தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. தக்காளி ஏற்றி வந்த டெம்போக்காரர் தானாக நிறுத்தினார், சக்கரத்தைக் கழற்றித் தன் வண்டியிலேயே பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்து மாட்டியும் கொடுத்தார். முக்கால் மணி நேரம் போனது அவருக்கு. அன்றைக்குத் தக்காளி கிலோ 12 ரூபாய் என்றும் அதிலும் தரகு போகும் என்றும் சொன்னார். அந்த விலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர் எங்களுக்காக நின்றார்.

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், மாணவனின் சொந்தக்காரர் தோட்டம். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கரில் தக்காளி. யூரியா மூட்டை 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. ஆனால் கடையில் அந்த விலைக்கு மட்டும் கொடுப்பதில்லையாம், கூடவே ஏதாவது நுண்ணூட்டப் பாட்டிலையும் வாங்கச் சொல்கிறார்களாம். "வேண்டாம்னா மூட்டை இல்லைங்கறான். என்ன பண்றதுங்கம்மா" என்றார். கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன். "பொஸ்தகத்துல ஒரு கணக்கு இருக்கும். நாங்க கூட ரெண்டு போட்டுருவோம். இல்லைன்னா மனசு கேக்காது."

மனசு கேட்காது என்பது உண்மை. விலை எப்போது விழும் என்று தெரியாதவனுக்குப் பயிராவது பச்சையாக நின்றால் தைரியம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், அப்படியென்றால் ஒரு மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ. அதில் பாதியைப் பயிர் எடுத்துக்கொண்டாலே பெரிய விஷயம். 2015-லிருந்து வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் வருகிறது, நைட்ரஜன் மெதுவாக வெளிவரட்டும் என்று. போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதே, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அப்போது இவர் மேலுரம் போட்டு மூன்றே நாள் ஆகியிருந்தது. "எல்லாம் தண்ணியோட போச்சு" என்றார்.

எங்கே போச்சு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யூரியா மண்ணில் அம்மோனியமாகிறது. அதற்கு நேர்மின்சுமை, களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாளில் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, களிமண் அதைத் தொடாது. மழை பெய்தாலும் மடை திறந்தாலும் தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். இந்த மாவட்டங்களில் மண்ணுக்குக் கீழே பாறை. தண்ணீர் நிற்பது பாறையின் வெடிப்புகளில்தான். வெடிப்பு வழியாக இறங்கியது கிணற்றில் வந்து சேர்கிறது.

கிணறு வீட்டுக்குப் பின்னால். கல் கட்டுக் கிணறு, அறுபதடி ஆழம். எட்டிப் பார்த்தால் அடிப்பாறையின் வரி தெரிகிறது. ஒரு தவளை நீந்திப் போனது, அதன் நிழல் தரையில் கூடவே போனது. அந்த வீட்டு அக்கா சொம்பில் மொண்டு கொடுத்தார். சில்லென்று இளநீர் மாதிரி இருந்தது.

பட்டையை நனைத்தேன். பத்து விநாடியிலேயே சிவக்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் டப்பாவின் 100-க்கும் 250-க்கும் நடுவில் ஒரு நிறம், 100-க்குக் கொஞ்சம் கிட்டே. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதில் விலக்கு கிடையாது.

சொம்பை நான் கீழே வைப்பதற்குள் உள்ளே குழந்தை அழுதது. அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் மாவும் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

"எந்தத் தண்ணீங்க்கா?"

"கிணத்துத் தண்ணிதான் டீச்சர். ஆனா நல்லாத் தளதளன்னு கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன். அரை மணி நேரம் கொதிக்கும்."

அந்த அக்கா எவ்வளவு பெருமையோடு சொன்னார் தெரியுமா? ஒரு பாட்டி செய்யக்கூடியதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். உதடு, நகக்கண் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. 1945-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற டாக்டர், கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதை எழுதினார். நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட் என்ற இன்னொரு சேர்மமாகி, ரத்தத்திலிருக்கும் இரும்பைப் பிராணவாயு சுமக்க முடியாத நிலைக்கு மாற்றிவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். இதையெல்லாம் அப்படியே சொல்லி அந்த வீட்டைப் பயமுறுத்த மனம் வரவில்லை. "பாப்பாவுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணியில கரைச்சுக் குடுங்கக்கா. கொதிக்க வெச்சு ஆறவெச்சுத்தான். கிணத்துத் தண்ணி வேண்டாம்" என்றேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறதாம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறதாம், உப்பில்லாத தண்ணீர் பிடிக்காமல் அதை மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

யூரியா ஒன்றின் மேலேயே பழியைப் போட்டுவிட முடியாது. கிணற்றிலிருந்து பதினைந்து தப்படியில் சாணக் குப்பைக்குழி, அந்தப் பக்கம் கழிவறைக்குழி. மூன்றும் சேர்ந்துதான். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்க இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டோம்.

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற தண்ணீரில் கட்டம் வெள்ளை. இன்றைக்கு ஆசையாக வாங்கிக் குடித்ததில் கத்தரிப்பூ.

26 ஜனவரி, ஞாயிறு. பென்னாகரம் பக்கம்

குடியரசு தினம், ஊரெல்லாம் கிராம சபை. ஒரு ஊரில் ஆலமரத்தடியில் பந்தல் போட்டு நடந்தது, போய் உட்கார்ந்தோம். வெளியூர் ஆளென்று யாரும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலி வந்தது, டீ வந்தது, கூடவே ஒரு போண்டாவும்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃப்ளோரைடைப் பற்றி விளக்கினார், ஒரு பேராசிரியரின் தெளிவோடு. தர்மபுரிக்காரர்களுக்கு ஃப்ளோரைடு பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு தலைமுறை பல்லில் காவி ஏறி, முட்டி வளைந்து கற்றுக்கொண்டது. அதற்காகத்தான் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் திறக்கப்பட்டது. நான் எழுந்து நைட்ரேட் என்றேன். அந்தப் பெரியவரே, "அது என்னங்கம்மா, புதுசா?" என்றார். ஃப்ளோரைடு பல்லில் எழுதிவிட்டுப் போகிறது, இது எதிலும் எழுதுவதில்லை. பத்து நிமிஷம் கேட்டார்கள். கடைசியில் மூன்று பெண்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒன்று 25, ஒன்று 50, ஒன்றில் நிறமே இல்லை. அந்த நிறமில்லாதது குழாய்த் தண்ணீர்.

ஒகேனக்கலுக்கும் போனோம். விடுமுறைக் கூட்டம், பரிசலுக்கு நீண்ட வரிசை. வறுத்த மீன் நன்றாக இருந்தது, காரம் தூக்கல். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

வழியில் ஒரு மானாவாரிக் காடு. ராகி அறுத்தாயிற்று, சாலுக்கு நடுவே விதைத்த அவரை மட்டும் கொடி வீசி நின்றது. காட்டுக்காரரிடம் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரை உதறினால் மிளகு அளவில் முடிச்சு முடிச்சாகத் தொங்குகிறது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ரோஜா நிறம், ஈறு மாதிரி. அந்த நிறம் இருந்தால் உள்ளே பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். காட்டுக்காரருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியவில்லை. "அவரை போட்ட சால்ல அடுத்த வருசம் ராகி நல்லா வரும், எங்க நைனா சொல்லுவாரு" என்றார். இவர் நிலத்துக்கு வருகிற நைட்ரஜன் வேர் முடிச்சிலிருந்து வருகிறது, செடி கேட்கிற அளவுக்கு மேலே கொட்ட அங்கே யாருக்கும் கை நீளவில்லை. இந்தக் காட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் நிறையப் பட்டை நனைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் டப்பா மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறேன். ராத்திரிப் பனியில் பாதிக்கு மேல் ஈரமேறிப் பழுதாகிவிட்டன. மிச்சம் பதினேழு.

27 ஜனவரி, திங்கள். கிருஷ்ணகிரி அணை, பாரூர் சாலை

காலையில் கிருஷ்ணகிரி அணை. கெலவரப்பள்ளியில் பார்த்த அதே ஆறு. 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் போன இடத்தைக் காவலாளி கை காட்டினார். கரையோரம் ஆகாயத்தாமரை. ஊதாப்பூ பூத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆற்றில் வந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்றுதான் இவ்வளவு கொழுத்திருக்கிறது. வாரி எடுத்துக் கரையில் குவித்தால் மக்கி எருவாகும், தண்ணீருக்குள்ளேயே அழுகவிட்டால் தின்றதை அங்கேயே கக்கிவிடும்.

காவேரிப்பட்டணத்தில் இட்லி, கெட்டிச் சட்னி, 40 ரூபாய். நெடுங்கல் தடுப்பணையிலிருந்து கால்வாய் பிரிந்து பாரூர் ஏரிக்குப் போகிறது. மாந்தோப்பெல்லாம் பூவெடுத்திருந்தது. கண்ணாடியை இறக்கினால் கார் முழுக்க மாம்பூ வாசம்.

பாரூருக்கு முன்னால், சாலையை விட்டு உள்ளே ஒரு சின்ன ஏரி. மேலே காய்கறி வயல்கள், அவற்றின் வடிகால் ஓர் ஓடையாகி ஏரிக்குள் நுழைகிறது. நுழையும் இடத்தில் பட்டை 50-இன் நிறத்தைக் காட்டியது. கோரையும் சம்பும் மண்டிய ஓரமாகவே நடந்து மறுகோடி மதகுக்குப் போனோம். அங்கே நனைத்தேன். 10 இருக்கலாம், அதுகூட வெளிறிய நிறம்தான். மூன்று தரம் நனைத்துப் பார்த்தேன்.

மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகையில் கடைசியாக, மணி அடிக்கப் போகும் அவசரத்தில் வரைவேனே ஓர் அம்பு, நைட்ரேட்டிலிருந்து காற்றுக்கு, அது இந்தச் சேற்றில்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற தண்ணீரை ஏரி நிறுத்தி வைக்கிறது. கோரையும் பாசியும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டைச் சுவாசித்து, காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இருக்கிற அதே நைட்ரஜனாகத் திருப்பி அனுப்புகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் போகும். அது கரியமிலவாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. ஆகவே ஏரி இருக்கிறதே என்று மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம் என்பதில்லை. ஆனால் ஏரியைத் தூர்த்து மனை போட்டால், கோரையை வழித்துச் சிமெண்டுக் கரை கட்டினால், இந்த வேலையைச் செய்ய வேறு ஆளில்லை. கிணற்றுக்குள் பாறை வெடிப்பில் சேறு கிடையாது, பாக்டீரியாவுக்குத் தீனியும் கிடையாது. அங்கே இறங்கிய நைட்ரேட் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இன்றைக்கே எல்லோரும் உரத்தைக் குறைத்தாலும் கிணறு நாளைக்கே மாறாது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து, போன கோடையில் இந்த ஏரியில் வண்டல் எடுத்து எட்டு டிராக்டர் தன் வயலில் அடித்ததாகச் சொன்னார். அந்த வருஷம் உரம் குறைவாகவே பிடித்ததாம். மேலே வயலிலிருந்து வழிந்து வந்தது வண்டலாக வயலுக்கே திரும்பிப் போகிறது.

அப்போதுதான் மாணவனின் போன் அடித்தது. பாலக்கோட்டுப் பெரியவர். என்னிடம் கொடுத்தான்.

"பாப்பாவுக்கு நேத்துலேருந்து குழாத் தண்ணிதாங்கம்மா. அது சரி, கிணத்துல இருக்கறத என்ன பண்றது? இறைச்சு ஊத்திர முடியுமா?"

ஊற்ற வேண்டாம், அதைத் தக்காளிக்கே கணக்கோடு விடலாம் என்றேன். காலையில் வாங்கிய இட்லி பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் என்றால் அதில் நைட்ரஜன் மட்டும் ஏறக்குறைய 22.6 மில்லிகிராம். ஏக்கருக்கு ஒரு பயிருக்கு இருபது லட்சம் லிட்டர் இறைத்தால் 45 கிலோ நைட்ரஜன் தண்ணீரோடேயே வந்துவிடுகிறது. இரண்டு மூட்டை யூரியாவுக்குக் கொஞ்சம் கூடவே. அவர் மனசு கேட்காமல் போடுகிற அந்த இரண்டு மூட்டை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ரெண்டு மூட்டை கிணத்துலயே இருக்குதுங்கறீங்க."

"ஆமாங்க. லேப் ரிசல்ட் வரட்டும், சரியாச் சொல்றேன்."

"வரட்டும்ங்கம்மா. இந்த நடவுல கீழ்ப் பாத்தி ரெண்டுல மட்டும் குறைச்சுப் பாக்கறேன். மேல் பாத்தி வழக்கம்போல இருக்கட்டும்" என்றார். பிறகு, பாப்பா தூங்குகிறாள், அக்கா அப்புறம் பேசுகிறாராம் என்று சொல்லி வைத்துவிட்டார்.